ஒரு கைது சர்ச்சையாச்சுன்னா அந்த நியூஸை எப்படி படிக்கறது? 2009 கேம்பிரிட்ஜ் கேஸை கையில வச்சுக்கிட்டு ஒரு வழிமுறை

எங்க சித்தப்பா ஒருத்தர் இருக்காரு, அமெரிக்காவுல எந்த ஊர்ல போலீஸ் யாரைப் புடிச்சாலும் வீடியோ வந்த பத்தாவது நிமிஷம் ஃபேமிலி க்ரூப்ல தீர்ப்பு குடுத்துருவாரு. காலையில "போலீஸ் அராஜகம்"னு போடுவாரு, சாயங்காலம் வேற ஒரு வீடியோ பாத்துட்டு "சொன்ன பேச்சைக் கேட்டிருந்தா இந்த கதி வருமா"ம்பாரு. அவரைச் சொல்லி என்ன, 2009ல நானும் அதே ஆள்தான். அப்ப நியூ ஜெர்சியில மூணு பேரா ரூம் எடுத்து தங்கியிருந்தோம், ஹார்வர்ட் ப்ரொஃபசர் ஒருத்தரை அவர் வீட்டு வாசல்லயே வச்சு விலங்கு மாட்டிட்டாங்கன்னு டிவியில ஓடுது, போலீஸுக்கு போன் பண்ணின பொம்பளையை நான் ஒரு வாரம் உக்காந்து திட்டினேன், ரெண்டு கறுப்பு ஆளுங்க பை மாட்டிக்கிட்டு நிக்கறாங்கன்னு சொன்னாளாமே, பை வச்சிருந்தா திருடனான்னு. அப்புறம் அந்த போன் டேப்பை வெளியிட்டாங்க. அந்தம்மா அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை.

அன்னிக்கு பட்ட வெக்கத்துல வந்த சில பழக்கங்களைத்தான் இங்க எழுதறேன். எல்லா கேஸுக்கும் ஒரே சாவி கிடையாது, ஆனா மொத வாரத்துல வாயை விட்டு மாட்டிக்காம இருக்க இது உதவும்.

மொதல்ல கதையைச் சொல்லிடறேன், தெரிஞ்சவங்க தாண்டிப் போங்க. 2009 ஜூலை 16, மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜ், வேர் ஸ்ட்ரீட். ஹென்றி லூயிஸ் கேட்ஸ், வயசு 58, ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுல அந்த நாட்டுலயே பெரிய பேரு, சைனா போயிட்டு திரும்பி வராரு. முன்கதவு சிக்கிக்கிச்சு, திறக்க மாட்டேங்குது. கார் ஓட்டிட்டு வந்த டிரைவரும் சேர்ந்து தோளால முட்டித் தள்றாரு. அதைப் பாத்த ஒரு வயசான அம்மாகிட்ட செல்போன் இல்லை, அந்த வழியா போன இன்னொரு பெண்கிட்ட சொல்ல, அந்தப் பெண் அமெரிக்காவோட அவசர நம்பர் 911க்கு அடிக்கறாங்க. பக்கத்துலயே இருந்த சார்ஜென்ட் ஜேம்ஸ் க்ரவுலி, வயசு 42, வெள்ளைக்காரர், வந்து சேர்றாரு. அதுக்குள்ள கேட்ஸ் வீட்டுக்குள்ள நின்னு, கதவு பழுதுன்னு சொல்ல ஹார்வர்ட் ஆளுங்களுக்கு போன் போட்டுக்கிட்டு இருக்காரு. வெளிய வாங்கன்னு போலீஸ் கூப்பிடுது, இவர் வரமாட்டேங்கறாரு, ஐடி காட்டறாரு, உன் பேரு என்ன பேட்ஜ் நம்பர் என்னன்னு கேக்கறாரு, வார்த்தை முத்துது, கடைசியில வாசல்ல வச்சு கைது. எல்லாம் சேர்த்து ஆறு நிமிஷம். ஆறு நிமிஷத்துக்கு அமெரிக்கா ரெண்டு வாரம் சண்டை போட்டுச்சு.

சரி, பழக்கம் ஒண்ணு. ஒரு பேப்பரை எடுத்து தேதி எழுதுங்க. சிரிக்காதீங்க, இதுதான் பாதி வேலை. என்ன நடந்துச்சுங்கற தேதி வேற, எது எப்ப நமக்குத் தெரிய வந்துச்சுங்கற தேதி வேற, ரெண்டையும் தனித்தனியா எழுதணும். கேம்பிரிட்ஜ் கேஸுக்கு எழுதினா இப்படி வரும்: 16ந்தேதி கைது. 20ந்தேதி நியூஸ் வெளிய வருது. 21ந்தேதி வழக்கை கைவிடறாங்க, நகராட்சி, போலீஸ், அரசு வக்கீல், கேட்ஸ் எல்லாரும் சேர்ந்து இது வருந்தத்தக்க சம்பவம்னு ஒரு அறிக்கை விடறாங்க. 22ந்தேதி ஒபாமா வாயைத் திறக்கறாரு. 24ந்தேதி அவரே வந்து வேற வார்த்தையில சொல்லியிருக்கலாம்ங்கறாரு. 27ந்தேதி டேப் வெளிய வருது. 30ந்தேதி கேட்ஸையும் க்ரவுலியையும் ஒபாமா கூப்பிட்டு வெள்ளை மாளிகைத் தோட்டத்துல பீர். இப்ப பாருங்க, நாடு முழுக்க கத்தினது 20லேர்ந்து 27க்குள்ள, அந்தக் கூத்துக்கெல்லாம் அடிப்படையா இருந்த போன் காலை யாருமே கேட்டிருக்கலை. ஜனாதிபதி பேசும்போதும் கேட்டிருக்கலை. நான் ரூம்ல உக்காந்து திட்டும்போதும் கேட்டிருக்கலை.

அந்த டேப்புல என்ன இருந்துச்சுன்னா, ரெண்டு பேர் கதவைத் தோளால முட்டறாங்க, ரெண்டு சூட்கேஸ் இருக்கு, இவங்க இங்கயே குடியிருக்கறவங்களா, சாவி சிக்கி கஷ்டப்படறாங்களான்னு எனக்குத் தெரியாதுன்னு போன் பண்ணின அந்தம்மா சொல்றாங்க. வெள்ளையா கறுப்பா ஹிஸ்பானிக்கான்னு, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியான்னு, கேட்டது போனை எடுத்த கன்ட்ரோல் ரூம் ஆள். அதுக்கும் இவங்க ஒருத்தர் ஹிஸ்பானிக் மாதிரி தெரிஞ்சுது, உறுதியா சொல்ல முடியலை, இன்னொருத்தரை சரியா பாக்கலைன்னுதான் சொல்றாங்க. அப்ப "பை மாட்டின ரெண்டு கறுப்பர்"ங்கறது எங்கேர்ந்து வந்துச்சு? போலீஸ் ரிப்போர்ட்லேர்ந்து. சம்பவ இடத்துல அந்தப் பெண் தன்கிட்ட அப்படிச் சொன்னதா க்ரவுலி எழுதியிருந்தாரு. நான்தான் போன் பண்ணினேன்னு சொன்னதைத் தவிர அவர்கிட்ட வேற எதுவும் பேசலைன்னு அந்தப் பெண் தரப்பு மறுத்துச்சு. பத்து நாள் ஊரே இனவெறி பிடிச்சவன்னு திட்டி, கடைசியில அந்தம்மா பிரஸ் முன்னாடி வந்து அழுதாங்க. பீர் குடிக்க அவங்களை யாரும் கூப்பிடலைங்கறது தனிக்கதை.

அடுத்தது போலீஸ் ரிப்போர்ட்டை எப்படி படிக்கறதுங்கறது, இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கப் போறேன், ஏன்னா முக்கால்வாசி பேர் இதை ரெண்டு விதமாத்தான் படிக்கறாங்க, ஒண்ணு வேதவாக்கு, இல்லேன்னா மொத்தமும் பொய். ரெண்டும் சோம்பேறித்தனம். நம்மூர் எஃப்ஐஆர் படிச்சவங்களுக்குத் தெரியும், "ஆபாச வார்த்தைகளால் திட்டி, கொலை மிரட்டல் விடுத்து"ன்னு ஒரே வாசகம் எல்லா எஃப்ஐஆர்லயும் இருக்கும். அது நடந்ததைச் சொல்றதுக்காக மட்டும் எழுதற வாசகம் இல்லை, எந்த செக்ஷன் போடணுமோ அதுக்குத் தேவையான வார்த்தை. அமெரிக்க ரிப்போர்ட்டும் இதே ஜாதிதான்.

கேட்ஸ் மேல போட்ட குற்றச்சாட்டு டிஸ்ஆர்டர்லி காண்டக்ட், அதாவது பொது இடத்துல ஒழுங்கைக் குலைச்சாருன்னு. மாசசூசெட்ஸ்ல அதுக்கு கோர்ட் வச்சிருக்கற அளவுகோல் என்னன்னா சண்டை, மிரட்டல், வன்முறை, இல்லேன்னா பெரிய அமளி, அதுவும் பொதுமக்களுக்குத் தொந்தரவோ திகிலோ உண்டாக்கற மாதிரி. இப்ப ரிப்போர்ட்டை எடுத்துப் பாத்தா கேட்ஸ் "சத்தமாகவும் அமளியாகவும்" நடந்துக்கிட்டாருன்னு இருக்கு, தெருவுல நின்னவங்க "வியப்பும் திகிலும் அடைஞ்ச மாதிரி" தெரிஞ்சாங்கன்னு இருக்கு. வீட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்ட கதை சொல்லும்போது எந்த போலீஸ்காரனாவது "அமளியாக"ன்னு சொல்வானா? அது சட்டப் புத்தகத்து வார்த்தை. ரிப்போர்ட்ல சட்டப் புத்தகத்து வார்த்தை எங்கெல்லாம் வருதோ அங்க ஒரு கோடு போடுங்க. அந்த வார்த்தையை எடுத்துட்டு, அந்த இடத்துல கண்ணால பாத்தது காதால கேட்டது என்ன மிச்சம் இருக்குன்னு பாருங்க. இங்க மிச்சம் இருந்தது ஒரு ஆள் சத்தம் போட்டாரு, அவ்வளவுதான். கைத்தடி ஊணி நடக்கற ஆள் வேற. தடி இல்லேன்னா விழுந்துடுவேன்னு அவர் கத்தினாரு, விலங்கு இறுக்குதுன்னு சொன்னதால அதை முன்பக்கமா மாட்டினாங்கன்னு அதே ரிப்போர்ட்டே சொல்லுது.

அதை விட முக்கியமான இடம் ஒண்ணு இருக்கு. இவர் இந்த வீட்டுக்காரர்தான்னு நம்பும்படியா இருந்துச்சு, ஆனாலும் அவர் நடந்துக்கிட்ட விதம் எனக்கு ஆச்சரியமாவும் குழப்பமாவும் இருந்துச்சுங்கற அர்த்தத்துல க்ரவுலியே எழுதியிருக்காரு. இந்த மாதிரி வரியைத்தான் தேடணும், எழுதினவருக்கே சாதகமில்லாத வரி. அது கிடைச்சா அங்கேர்ந்து கேள்வி கேளுங்க: திருட்டு இல்லைன்னு தெரிஞ்சு போச்சு, அப்புறம் என்ன வேலை? அதுக்கு அடுத்த வரியில பதில் இருக்கு. உள்ள ஒரே எதிரொலி, ரேடியோவுல பேச முடியலை, வெளிய வாங்க பேசிக்கலாம்னு கூப்பிட்டுட்டு இவர் வெளிய போறாரு, கேட்ஸ் பின்னாடியே சத்தம் போட்டுக்கிட்டு வராரு. வீட்டுக்குள்ள கத்தினா அது பொது இடம் இல்லை. வாசப்படிக்கு வந்துட்டா, தெருவுல ஏழு பேர் நின்னுட்டா, பொது இடம். வேணும்னே வாசலுக்கு இழுத்தாருன்னு நான் சொல்லலை, அதை நிரூபிக்க யாராலயும் முடியாது. ஆனா அந்த நாலு அடி தூரம் இல்லேன்னா அந்த செக்ஷனே நிக்காதுங்கறதை கவனிக்கணும்.

நேர்மையா சொல்லணும்னா அந்தப் பக்கம் கேட்ஸ் சொன்னதையும் இதே மாதிரிதான் சலிக்கணும். ஐடி காட்டினேன், திரும்பத் திரும்ப பேரும் பேட்ஜ் நம்பரும் கேட்டேன், அவர் குடுக்கலைங்கறது கேட்ஸ் வாதம், நான் சொன்னேன் அவர் கத்தினதுல கேக்கலைங்கறது க்ரவுலி வாதம். மூச்சுக்குழாய் இன்ஃபெக்‌ஷன் இருந்துச்சு, என்னால எங்க கத்த முடியும்னு கேட்ஸ் சொன்னாரு. அந்த ஃபோட்டோ பாத்திருப்பீங்க, வாசல்ல விலங்கோட, வாயை நல்லா திறந்துக்கிட்டு. குரல் எழும்பாத ஆள் வாய் மாதிரி தெரியலை எனக்கு. ஃபோட்டோங்கறது ஒரு கணம்தான், கொட்டாவி விடும்போது எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும், இருந்தாலும் எனக்குத் தோணினதைச் சொல்லிட்டேன். அவர் கத்தலைன்னு நிரூபிச்சாத்தான் அவர் பக்கம் நியாயம்னு நினைக்கறதுலதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க. அவர் கத்தினாருன்னே வச்சுக்குங்க. கத்தினா கைது பண்ணலாமா?

இதுதான் என்னோட மூணாவது பழக்கம், கேள்வியைப் பிரிக்கறது. ஒரு கைதுல குறைஞ்சது மூணு கட்டம் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி மார்க். போன் பண்ணினது சரியா? போலீஸ் வந்து நிறுத்தி விசாரிச்சது சரியா? கைது சரியா? கேம்பிரிட்ஜ்ல மொத ரெண்டுக்கும் என் மார்க் பாஸ். பட்டப்பகல்ல ரெண்டு பேர் கதவை முட்டறாங்கன்னா போன் பண்றது தப்பில்லை, வந்த போலீஸ் ஐடி கேக்கறதும் தப்பில்லை, நம்ம வீட்டுல நிஜமாவே திருடன் புகுந்திருந்தா அப்படித்தானே வரணும்னு நினைப்போம். மூணாவதுலதான் ஃபெயில். 1987லயே ஹூஸ்டன் நகரம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்குல, போலீஸை எதிர்த்து வாயால பேசறதுக்கு, குறை சொல்றதுக்கு அரசியல் சாசனத்துல பெரிய அளவுக்கு பாதுகாப்பு இருக்குன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. மரியாதை இல்லாம பேசறது வேற, குற்றம் வேற. மாசசூசெட்ஸ் சட்டப்படி போலீஸ்காரர் ஐடி கார்டு வச்சிருக்கணும், முறையா கேட்டா காட்டணும். அஞ்சு நாள்ல வழக்கைக் கைவிட்டாங்கன்னா சும்மாவா.

ஆனா டிவி விவாதத்துல என்ன பண்ணுவாங்கன்னா மூணையும் ஒரே சட்டியில போட்டு கிண்டிடுவாங்க. ஒருத்தர் "போலீஸ் வந்ததே தப்பா?"ன்னு கேப்பாரு, இன்னொருத்தர் "அவர் வீட்டுல அவரையே கைது பண்ணலாமா?"ம்பாரு, ரெண்டு பேரும் வேற வேற கட்டத்தைப் பத்தி பேசிக்கிட்டு எதிரும் புதிருமா நிக்கற மாதிரி நடிப்பாங்க. நீங்க க்ரூப்ல சண்டை போடறதுக்கு முன்னாடி எதிராளிகிட்ட "நீ எந்தக் கட்டத்தைச் சொல்ற?"ன்னு மட்டும் கேளுங்க, பாதி சண்டை அங்கயே புஸ்ஸுன்னு போயிடும். சித்தப்பாகிட்ட நான் கேட்டிருக்கேன். "எல்லாத்தையும்தான்டா"ன்னாரு. சரி, எல்லாருக்கும் எல்லாம் வேலை செய்யாது.

இனம் இதுல எங்க வருது?

இங்கதான் ரொம்ப கவனமா காலை வைக்கணும். "அந்த போலீஸ்காரர் இனவெறியரா"ங்கறது ஒரு கேள்வி. "அந்த ஊர்ல போலீஸ் கறுப்பினத்தவங்களை வேற மாதிரி நடத்துதா"ங்கறது இன்னொரு கேள்வி. மொதல் கேள்விக்கு ஒருத்தன் மண்டைக்குள்ள போயி பாக்கணும், ரெண்டாவதுக்கு கணக்கு போட்டா போதும். க்ரவுலி விஷயத்துல அவரோட ஆதரவாளர்கள் எடுத்துப் போட்ட சான்றிதழ்களைப் பாருங்க, போலீஸ் அகாடமியில இனப் பாகுபாடு காட்டாம எப்படி வேலை பாக்கறதுன்னு அவரே வகுப்பு எடுத்தவர். 1993ல ஒரு காலேஜ் கேம்பஸ் போலீஸா இருந்தப்ப பாஸ்டன் கூடைப்பந்து வீரர் ரெஜி லூயிஸ், கறுப்பினத்தவர், மயங்கி விழுந்தப்ப வாயோட வாய் வச்சு மூச்சு குடுத்துப் பாத்தவர். இதெல்லாம் உண்மை. இதெல்லாம் வச்சு அந்த வாசப்படியில நடந்தது சரின்னு ஆயிடுமா? ஆகாது. நல்ல மனுஷனும் தப்பான கைது பண்ணலாம். அதே மாதிரி, கைது தப்புங்கறதால அவர் மனசுல வெறி இருந்துச்சுன்னு நிரூபணமும் ஆகாது.

இந்த ரெண்டு கேள்வியும் எப்படி தனித்தனியா நிக்கும்னு பாக்கணும்னா ஃபெர்குசன் தான் சரியான பாடம். 2014ல மிசூரி மாநிலம் ஃபெர்குசன்ல மைக்கேல் பிரவுன்ங்கற கறுப்பின இளைஞரை போலீஸ் சுட்டுக் கொன்ன பிறகு மத்திய நீதித்துறை விசாரிச்சு 2015 மார்ச் 4ந்தேதி ஒரே நாள்ல ரெண்டு ரிப்போர்ட் விட்டுச்சு. ஒண்ணு, சுட்ட போலீஸ்காரர் மேல மத்திய சட்டப்படி வழக்கு போட ஆதாரம் போதாது, கையைத் தூக்கி சரணடைஞ்சப்ப சுட்டாங்கன்னு பரவின கதை சாட்சியத்தோட பொருந்தலைன்னு. இன்னொண்ணு, அந்த ஊர் போலீஸ் துறையைப் பத்தி: மக்கள்ல 67 சதவீதம் கறுப்பினத்தவர், ஆனா வண்டியை நிறுத்தினதுல 85 சதவீதம், ஃபைன் போட்டதுல 90 சதவீதம், கைது பண்ணினதுல 93 சதவீதம் அவங்கதான். ரோட்டுல நடக்கற விதம் சரியில்லைன்னு ஒரு செக்ஷன் இருக்கு, நம்பினா நம்புங்க, அதுல 95 சதவீதம் அவங்க. மொத ரிப்போர்ட்டை ஒரு கூட்டம் தூக்கிக்கிட்டு ஓடிச்சு, ரெண்டாவதை இன்னொரு கூட்டம். ரெண்டுமே ஒரே ஆபீஸ்லேர்ந்து வந்தது, ரெண்டுமே உண்மைங்கறதை ஒண்ணா வச்சுக்கற பொறுமை ரொம்ப கம்மி பேருக்குத்தான் இருந்துச்சு. ஒரு தெருவுல வருஷக்கணக்கா பெட்ரோல் ஊத்தி வச்சிருந்தா கடைசியா விழுந்த தீக்குச்சியைப் பத்தி வந்த கதை தப்பா இருந்தாலும் பெட்ரோல் பெட்ரோல்தான்.

அதனால கேட்ஸ் ஏன் அவ்வளவு சீக்கிரம் கொதிச்சாருன்னு கேக்கறவங்களுக்கும் இங்கதான் பதில். அவர் பேசினது க்ரவுலிங்கற ஒரு ஆள்கிட்ட மட்டும் இல்லை, அவர் வாழ்நாள் பூரா படிச்சு எழுதின ஒரு வரலாறு சீருடை போட்டுக்கிட்டு அவர் வீட்டு வாசல்ல வந்து நின்ன மாதிரி அவருக்குத் தோணியிருக்கும். க்ரவுலிக்கு அது தெரியாது, அவருக்குத் தெரிஞ்சது ஒரு பெரிய மனுஷன் தன்னை எடுத்தெறிஞ்சு பேசறாருங்கறது மட்டும். ரெண்டு பேருக்கும் கௌரவம் அடிபட்டுச்சு, ஆனா ஒருத்தர் இடுப்புலதான் விலங்கு இருந்துச்சு.

சீக்கிரமா சில பொறிகளைச் சொல்லிடறேன். "கூட நின்ன கறுப்பு போலீஸ்காரரே சரின்னு சொல்லிட்டாரே"ங்கற வாதம் வரும். கேம்பிரிட்ஜ்லயும் வந்துச்சு, அங்க இருந்த ஒரு கறுப்பின சார்ஜென்ட் க்ரவுலி பண்ணினது நூத்துக்கு நூறு சரின்னாரு. அதைக் கேட்டுக்கலாம், ஆனா அது ஒரு சாட்சி, தீர்ப்பு இல்லை. 2018 ஏப்ரல்ல ஃபிலடெல்ஃபியாவுல ஒரு ஸ்டார்பக்ஸ்ல ஒண்ணும் வாங்காம ஒரு மீட்டிங்குக்காக காத்திருந்த ரெண்டு கறுப்பின இளைஞர்களைக் கைது பண்ணினாங்க ஞாபகம் இருக்கா, அப்ப அந்த ஊர் போலீஸ் கமிஷனரும் கறுப்பினத்தவர்தான், மொதல்ல எங்க ஆளுங்க தப்பே பண்ணலைன்னு வீடியோ போட்டாரு, ஒரே வாரத்துல அவரே வந்து மன்னிப்பு கேட்டாரு. அப்புறம் மொத நாள் போலீஸ் அறிக்கை. 2020 மே மாசம் மினியாபொலிஸ் போலீஸ் ஜார்ஜ் ஃப்ளாய்ட் பத்தி விட்ட மொத அறிக்கையோட தலைப்பு, போலீஸ் விசாரணையின்போது உடல்நலக் கோளாறால் ஒருவர் மரணம்ங்கற மாதிரி இருந்துச்சு. ஒரு போலீஸ்காரர் அவர் கழுத்து மேல முட்டியை வச்சு அழுத்தினதைப் பத்தி ஒரு எழுத்து கிடையாது. ஒரு 17 வயசு பொண்ணு போன்ல எடுத்த வீடியோ இல்லேன்னா அந்த தலைப்போட அந்த கதை முடிஞ்சிருக்கும். அதுக்காக வீடியோவை மட்டும் நம்புங்கன்னும் சொல்ல வரலை, கேம்பிரிட்ஜ்ல வீட்டுக்குள்ள நடந்ததுக்கு வீடியோவே இல்லை. இருக்கற வீடியோவுலயும் எப்ப ஆரம்பிச்சாங்க எப்ப வெட்டினாங்கன்னு பாருங்க.

பெரிய ஆளுங்க பேசினா அந்த நிமிஷத்துலேர்ந்து அது கைதைப் பத்தின பேச்சே இல்லைன்னு வச்சுக்குங்க. ஒபாமா அன்னிக்கு மருத்துவ இன்சூரன்ஸ் சட்டத்தைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினாரு, கடைசி கேள்வி இது. என்ன நடந்துச்சுன்னு முழுசா எனக்குத் தெரியாது, கேட்ஸ் என் நண்பர்னு ஆரம்பிச்சு, வீட்டுக்காரர்னு ஐடி காட்டின பிறகும் கைது பண்ணினதுல கேம்பிரிட்ஜ் போலீஸ் முட்டாள்தனமா நடந்துக்கிச்சுன்னு முடிச்சாரு. என்னைக் கேட்டா மூணாவது கட்டத்தைப் பத்தி மட்டும்தான் பேசினாரு, அதுல தப்பும் இல்லை. ஆனா எல்லாருக்கும் காதுல விழுந்தது "முட்டாள்தனம்"ங்கற ஒத்த வார்த்தை. அந்த வாரமே வெள்ளைக்காரர்கள் மத்தியில அவரோட செல்வாக்கு சரிஞ்சுது, எட்டு வருஷ ஆட்சியில வேற எந்த ஒரு சம்பவத்துலயும் அவ்வளவு சரியலைன்னு அவரே பின்னாடி எழுதியிருக்காரு. மருத்துவ சட்டத்தை எல்லாரும் மறந்தாச்சு. அப்புறம் அந்த பீர், ஒபாமா, பைடன், கேட்ஸ், க்ரவுலி நாலு பேரும் உக்காந்து, யாரு எந்த பிராண்ட் குடிச்சாங்கன்னு பேப்பர்ல வந்துச்சு. பைடன் ஆல்கஹால் இல்லாதது. இந்த மாதிரி தகவல் வர ஆரம்பிச்சா நீங்க டிவியை அணைச்சுடலாம், அதுக்கு மேல அங்க கத்துக்க ஒண்ணும் இருக்காது.

கத்துக்க வேண்டியது அப்புறமா வரும், சத்தமே இல்லாம. கேம்பிரிட்ஜ் நகரம் 12 பேர் கொண்ட ஒரு குழு போட்டுச்சு, அது 2010 ஜூன் 30ந்தேதி ரிப்போர்ட் குடுத்துச்சு, கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழிச்சு. சூட்டைத் தணிக்க ரெண்டு பேருக்குமே வாய்ப்பு இருந்துச்சு, ரெண்டு பேருமே தவற விட்டுட்டாங்க, பொறுப்பும் ரெண்டு பேருக்கும்தான்னு அதோட சாரம். குழுவுக்கு மரியாதை குடுத்தே சொல்றேன், எனக்கு இது உடன்பாடு இல்லை. ஒருத்தருக்கு சம்பளம் குடுத்து, பயிற்சி குடுத்து, ஆத்திரப்படற ஆளை எப்படி சமாளிக்கறதுன்னு சொல்லிக் குடுத்து அனுப்பறோம், இன்னொருத்தர் பதினஞ்சு மணி நேர ஃபிளைட்ல வந்து இறங்கி கதவு திறக்காம நிக்கற, அறுபதை நெருங்கற ஒரு மனுஷன். ரெண்டையும் தராசுல சமமா வச்சா தராசுலதான் கோளாறு. சரி, சாரி சார், கதவை சரி பண்ணிக்குங்கன்னு சொல்லிட்டு கிளம்பியிருக்கலாம்ல? ஆனா நீங்க ரிப்போர்ட்டைப் படிச்சுட்டு குழு சொன்னதுதான் சரின்னு சொல்லலாம், அதுக்குத்தான் படிங்கறேன்.

நம்ம ஆளுங்களுக்கு இது என்னத்துக்குன்னு கேட்டா, 2015 பிப்ரவரியை ஞாபகப்படுத்தறேன். பேரனைப் பாத்துக்க குஜராத்துலேர்ந்து அலபாமா மாநிலம் மேடிசனுக்கு வந்த 57 வயசு தாத்தா, காலையில தெருவுல நடந்துக்கிட்டு இருந்தாரு. யாரோ ஒருத்தர் போலீஸுக்கு போன் பண்ணி ஒல்லியா ஒரு கறுப்பு ஆள் வீடுகளை நோட்டம் விடறான்னு சொன்னாரு. போலீஸ் வந்துச்சு, இவருக்கு இங்கிலீஷ் தெரியலை, காலைத் தட்டி தரையில மோத விட்டாங்க, தண்டுவடம் அடிபட்டுச்சு. அந்த போலீஸ்காரர் மேல மத்திய அரசு வழக்கு போட்டு ரெண்டு தடவை ஜூரி ஒத்துப் போகாம, கடைசியில நீதிபதி விடுதலை பண்ணிட்டாரு. வண்டி கேமராவுல பதிவானது எல்லாரும் பாத்தது. நம்ம அம்மா அப்பாவும் இதே மாதிரி தெருவுலதான் மஃப்ளர் கட்டிக்கிட்டு வாக்கிங் போறாங்க. பாக்கெட்ல வீட்டு அட்ரஸ், உங்க போன் நம்பர், இங்கிலீஷ் வராதுன்னு எழுதின ஒரு சீட்டு, போலீஸ் கூப்பிட்டா நில்லுங்க, கையை வெளிய வைங்க, பாக்கெட்ல கை விடாதீங்கன்னு சொல்லிக் குடுங்க. சீட்டை அவங்களா எடுக்க வேண்டாம், கையில ஒரு பட்டையில எழுதிக் கட்டினா இன்னும் நல்லது.

நீங்களே 911க்கு அடிக்க வேண்டி வந்தா கேம்பிரிட்ஜ் அம்மா மாதிரி அடிங்க. கண்ணால பாத்த செயலைச் சொல்லுங்க, கதவைத் தோளால முட்டினாங்கன்னு. பாத்த பொருளைச் சொல்லுங்க, சூட்கேஸ்னு. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க, வீட்டுக்காரங்களாவே இருக்கலாம்னு தோணினா அதையும் சொல்லுங்க. தோல் நிறம் கேட்டா, சரியா பாக்கலைன்னா பாக்கலைன்னு சொல்லுங்க, அந்தப் பக்கம் இருக்கறவங்க ஃபார்ம்ல ஒரு கட்டத்தை நிரப்பணும்ங்கறதுக்காக நீங்க ஒரு நிறத்தைக் குடுக்க வேண்டியதில்லை.

கடைசியா ஒரு சின்ன வேலை. ஒரு கைது பெருசா வெடிச்சு நீங்களும் ஒரு கருத்து போட்டீங்கன்னா, போன்ல ரெண்டு ரிமைண்டர் போட்டு வைங்க, ஒண்ணு மூணு வாரம், ஒண்ணு ஒரு வருஷம். மொதல்ல அடிக்கும்போது டேப்பும் வீடியோவும் வந்திருக்கும், ரெண்டாவது அடிக்கும்போது விசாரணை ரிப்போர்ட் வந்திருக்கும், வராமலும் போயிருக்கும், அதுவும் ஒரு தகவல்தான். உங்க பழைய மெசேஜை எடுத்து பக்கத்துல வச்சுப் பாருங்க. நான் சித்தப்பாவுக்கும் சேர்த்து போட்டு வச்சிருக்கேன், அடிக்கும்போது அவர் மெசேஜை அவருக்கே ஃபார்வர்ட் பண்ணுவேன், இது யாரு அனுப்பினதுன்னு கேப்பாரு.